முக்குருத்தி ஏரிக்கு ஒரு பகல் நடை: முதல்தடவை போகிறவர்களுக்கு

நீலகிரியின் மேற்கு விளிம்பில், முக்குருத்திச் சிகரத்தின் பக்கத்தில், புல்மேடுகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து கிடக்கிறது முக்குருத்தி ஏரி. ஏரி என்று சொல்கிறோமே தவிர, இது அணைத் தண்ணீர்தான். பைக்காரா நீர்மின் திட்டத்துக்காக 1938-இல் கட்டிய அணை. இங்கே தேங்குவது பைக்காரா ஆறாக ஓடி, மோயாறாகப் பெயர் மாறி, கடைசியில் பவானிசாகரில் போய் விழுகிறது. இடம் 2,000 மீட்டருக்கு மேலே. பக்கத்துச் சிகரம் 2,554 மீட்டர். வழியில் டீக்கடை கிடையாது, ஆட்டோ கிடையாது, ஃபோனில் சிக்னல் பெரும்பாலும் கிடையாது.

"தினமும் மெரினாவில் 8 கிலோமீட்டர் நடக்கிறேன், இது என்ன பெரிய விஷயம்" என்று கிளம்புகிறவர்கள்தான் இங்கே அதிகம் திணறுகிறார்கள். தூரம் அவர்களைக் கவிழ்ப்பதில்லை, கடிகாரம்தான் கவிழ்க்கிறது. ஏரியைப் பார்க்கும்போது பாதி நடைதான் முடிந்திருக்கும். மிச்சப் பாதியைக் களைத்த காலோடு, மூடுபனி இறங்கும் நேரத்தில் நடக்க வேண்டும். கீழே சொல்லியிருக்கும் எல்லாமே அந்தப் பிற்பகலை மனதில் வைத்துச் சொன்னவை.

அனுமதி

முக்குருத்தி 1982-இல் சரணாலயமாகவும் 1990-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம். வரையாட்டைக் காப்பாற்றத்தான் இந்த 78 சதுர கிலோமீட்டரை ஒதுக்கினார்கள். அனுமதி இல்லாமல் காலெடுத்து வைப்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். "எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கார், பின்வழியா கூட்டிட்டுப் போறேன்" என்று யாராவது சொன்னால் அங்கேயே கும்பிடு போட்டுவிடுங்கள். பிடிபட்டால் வழக்கு. பிடிபடாமல் போய் உள்ளே காலை உடைத்துக்கொண்டாலோ, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்றே யாருக்கும் தெரியாது. இரண்டாவதுதான் பெரிய ஆபத்து.

2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை இணைய முன்பதிவில் திறந்துவிட்டது. அதில் பார்சன்ஸ் வேலியிலிருந்து முக்குருத்திக் குடில் வரை போகும் பாதையும் ஒன்று. ஒரே பகலில் இந்தப் பக்கத்தைப் பார்க்க அதுதான் நேர்வழி. கூடவே வழிகாட்டி வருவார். இடம் கிடைக்கவில்லை என்றால் அதே பட்டியலில் அவலாஞ்சியிலிருந்து கொல்லாரிபெட்டா போகும் பாதை உண்டு. தயாரிப்பு எல்லாம் அதற்கும் இதேதான்.

அசல் அடையாள அட்டையை ஜிப் கவரில் போட்டுக் கையோடு வைத்திருங்கள். சொந்த வண்டியில் ஊட்டிக்கு வருகிறவர்கள் இ-பாஸ் எடுத்தாக வேண்டும். அரசுப் பேருந்திலும் ரயிலிலும் வந்தால் அது தேவையில்லை. 2025 ஏப்ரலில் நாளொன்றுக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பு போட்டார்கள். ஆகவே நடைக்கு இடம் பிடித்த கையோடு இ-பாஸையும் முடித்துவிடுவது நல்லது. ஒன்று கிடைத்து மற்றது கிடைக்காமல் மேட்டுப்பாளையத்தில் நிற்க வேண்டாம்.

எந்த மாதம்

டிசம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை. இதற்கு இரண்டாவது யோசனையே வேண்டாம். காலையில் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும், வெப்பம் சுழியத்தைத் தொடும். ஆனால் வானம் தெளிவாக இருக்கும், பாதை காய்ந்திருக்கும், அட்டைத் தொல்லை குறைவு. காட்டுப்பூவரசு சிவப்பாகப் பூத்திருப்பதும் இந்தச் சமயத்தில்தான்.

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை காட்டுத்தீ காலம். பாதைகளை மூடிவிடுவது வழக்கம். மூடாத வருடம் இருந்தாலும் காய்ந்த புல்வெளிக்குள் போக வேண்டாம். ஏப்ரல் கடைசியும் மே மாதமும் பிற்பகல் இடிமழைக்குப் பேர்போனவை. மொட்டை மேட்டில் நீங்கள்தான் உயரமான பொருள் என்பதை மறக்கக் கூடாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நினைக்கவே வேண்டாம். தென்மேற்குப் பருவமழையை முதலில் வாங்குவது இந்த விளிம்புதான். 2019 ஆகஸ்டில் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. சென்னைக்கு அரை வருடத்துக்கும் மேல் பெய்கிற மழை அது.

காலைப் பழக்குவது

நான்கு வாரம் போதும், ஆனால் படிக்கட்டில் பழக வேண்டும். சமதளத்தில் எவ்வளவு நடந்தாலும் ஏற்றத்துக்கு மூச்சு பழகாது, இறக்கத்துக்குத் தொடை பழகாது. ஒரு மாடி சுமார் 3 மீட்டர். பத்து மாடிக் கட்டடத்தைப் பத்து முறை ஏறி இறங்கினால் 300 மீட்டர் ஏற்றம் கணக்கு. முதல் வாரம் மூன்று நாள், இருபது நிமிடம் போதும். இரண்டாவது வாரம் முதுகில் 5 கிலோ பை. மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுநீள நடை ஒன்று. நான்காவது வாரம் குறைத்துக்கொண்டு, கடைசி மூன்று நாள் ஓய்வு.

கோவைக்காரர்களுக்கு மருதமலைப் படி இருக்கிறது. சென்னையில் பரங்கிமலைப் படி. திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். ஷூவைச் சோதிக்கவும் கொப்புளம் எங்கே வருகிறது என்று பார்க்கவும் அதைவிட நல்ல பாதை இல்லை (மூச்சுப் பயிற்சி என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள், முழுக்கத் தட்டை). லிஃப்டில் இறங்காமல் படியில் இறங்குவது முக்கியம். மறுநாள் தொடை பிடித்துக்கொள்வது ஏற்றத்தால் அல்ல, இறக்கத்தால்.

முதல் நாள் இரவு ஊட்டியில் தங்குங்கள். சமவெளியிலிருந்து விடியற்காலையில் வண்டியேறி, கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து, தூக்கமும் இல்லாமல் நேராக நடையைத் தொடங்கினால் பத்து மணிக்கே ஆள் சாய்ந்துவிடுவார். இந்த உயரத்தில் மலைநோய் வருவது அபூர்வம். தலைவலி வந்தால் பெரும்பாலும் தண்ணீர் குடிக்காததால்தான்.

ஷூ

கணுக்காலை மூடும், அடிப்பாகத்தில் ஆழமான பள்ளம் வெட்டிய ஷூ. ஓட்டப்பயிற்சி ஷூவின் வழவழப்பான அடி, பனி நனைத்த புல் சரிவில் சறுக்கும். புது ஷூவாக இருந்தால் குறைந்தது 40 கிலோமீட்டர் ஊரிலேயே நடந்துவிட்டுக் கொண்டுவாருங்கள். சாயங்காலம் வாங்குங்கள், கால் லேசாக வீங்கியிருக்கும். தடித்த சாக்ஸ் போட்டு, கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் இடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் திரும்பி இறங்கும்போது நகம் கறுத்துவிடும். நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள்.

பழைய ஷூவில் இன்னொரு வில்லங்கம் உண்டு. ஐந்தாறு வருடம் பரணில் கிடந்த ஷூ வெளியே புத்தம்புதுசு போல இருக்கும். உள்ளே அடிப்பாகத்து நுரை ஈரக்காற்றில் உளுத்துப் போயிருக்கும். நடக்க ஆரம்பித்து இரண்டு மணி நேரத்தில் அடி அப்படியே வாயைப் பிளக்கும். கிளம்பும் முன் ஷூவை இரண்டாக மடக்கிப் பாருங்கள். ஓரத்தில் கட்டைவிரலால் அழுத்துங்கள், பொடியாக உதிர்ந்தால் குப்பைக்குத்தான். எதற்கும் இருக்கட்டும் என்று துணி டேப் ஒரு மீட்டர், நைலான் கயிறு இரண்டு மீட்டர் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வாயைப் பிளந்த ஷூவை ஊர்வரைக்கும் கொண்டுவர அது போதும்.

ஷூக் கயிறு கட்டுவதில் ஒரு நுணுக்கம். ஏற்றத்தில் மேல் கொக்கிகளைத் தளர்வாக விடுங்கள், கணுக்கால் மடங்க வேண்டும். இறக்கம் தொடங்கும் முன் உட்கார்ந்து, குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னுக்குத் தள்ளுங்கள். பாதம் வளையும் இடத்தில் இரண்டு கயிறையும் ஒன்றோடொன்று இரண்டு சுற்று முறுக்கி, இழுத்து இறுக்கி, அப்புறம் மேல் கொக்கிகளுக்குக் கொண்டுபோங்கள். இந்த முறுக்கு குதிகாலைப் பின்னாலேயே பிடித்து வைக்கும், விரல்கள் முன்னால் போய் இடிக்காது. ஒரு நிமிட வேலை. இதைச் செய்கிறவர்கள் பத்தில் இரண்டு பேர்தான்.

சாக்ஸ் பருத்தியாக இருக்கக் கூடாது. நனைந்தால் காயாது, தோலை உரிக்கும். கம்பளி கலந்ததோ செயற்கை இழையோ வாங்குங்கள், ஒரு ஜோடி கூடுதலாக. நடக்கும்போது காலில் எங்காவது சூடாக உறுத்தினால் அதுதான் கொப்புளத்தின் முன்னறிவிப்பு. "அண்ணா, ஒரு நிமிஷம் நில்லுங்க" என்று வழிகாட்டியிடம் சொல்லி, உடனே கழற்றித் துடைத்து, காகித டேப் ஒட்டுங்கள். கூட்டத்தை நிறுத்தக் கூச்சப்பட்டு நடந்தவர்தான் பிற்பகலில் எல்லோரையும் ஒரு மணி நேரம் தாமதப்படுத்துவார்.

உடையும் பையும்

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் கனக்கும், காயாது, குளிரை உள்ளே இழுக்கும். காய்ந்துவிடும் துணியில் முழுக்கால் பேண்ட், முழுக்கை ஜெர்சி, மேலே ஒரு ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். மூன்று மெல்லிய அடுக்கு ஒரு தடித்த கோட்டைவிட மேல், வேர்க்கும்போது ஒவ்வொன்றாகக் கழற்றலாம். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். நிற்கும்போதே கதகதப்பாக இருந்தால் பத்தாவது நிமிடம் வேர்த்து நனைந்துவிடுவீர்கள். அந்த வேர்வைதான் மேட்டில் காற்றடிக்கும்போது நடுங்க வைக்கும். நிறம் பச்சை, பழுப்பு, சாம்பல். குல்லா, கையுறை, வெயிலுக்கு ஓரம் வைத்த தொப்பி. குளிர்கிறதே என்று வெயிலைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். இந்த உயரத்தில் மூக்கும் காதும் ஒரே நாளில் உரியும்.

பை மொத்தம் 6 கிலோவைத் தாண்டக் கூடாது, அதில் பாதி தண்ணீர். மழை வரும் வராது என்று பார்க்காமல் பைக்குள்ளே ஒரு பெரிய கனமான கவரை விரித்து, அதற்குள் பொருட்களை வையுங்கள். வெளியே போடும் மழையுறை காற்றில் பறந்துவிடும். தலையில் மாட்டும் டார்ச், பகல் நடைதானே என்று இதைத்தான் விட்டுவிடுவார்கள். 10 செ.மீ. அகல கிரேப் பேண்டேஜ், காகித டேப், ஓ.ஆர்.எஸ். இரண்டு பாக்கெட், நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள், ஒரு விசில், ஊன்றுகோல். சென்ட் பூசிக்கொண்டு வராதீர்கள். ட்ரோன் கொண்டுவரவே கூடாது.

சோறும் தண்ணீரும்

ஆளுக்கு இரண்டரை லிட்டர், வெயில் நாளென்றால் மூன்று. ஸ்டீல் பாட்டிலில். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை, தண்ணீர் பாட்டில் உட்பட. சோதனைச்சாவடியில் பிடுங்கி அபராதமும் போடுவார்கள். குளிரில் தாகம் தெரியாது, ஆகவே தாகத்தை நம்பாமல் அரை மணிக்கொரு தடவை நான்கு மிடறு குடியுங்கள். ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். மேலே காட்டெருமை படுத்து எழுந்திருப்பது உங்களுக்குத் தெரியாது.

காலையில் இட்லி, இடியாப்பம் மாதிரி ஏதாவது, கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே. மதியத்துக்குப் புளிசாதம் அல்லது எலுமிச்சைச் சாதம். கெடாது, ஆறினாலும் தொண்டையில் இறங்கும். தயிர்சாதம் குளிரில் விறைத்துக் கல்லாகிவிடும், யாருக்கும் இறங்காது. வழியில் கொறிக்கக் கடலைமிட்டாய் ஆளுக்கு 100 கிராம், பேரீச்சம்பழம் ஒரு கைப்பிடி, இரண்டு வாழைப்பழம். மொத்தமாக ஏரியில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று வெறும் வயிற்றோடு நடக்காமல் மணிக்கொரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொறியுங்கள். பழத்தோல் மக்கிவிடும் என்று எறியாதீர்கள். இந்தக் குளிரில் அது மக்க மாதக்கணக்காகும், அதற்குள் ஏதாவது ஒரு விலங்கு மனிதச் சோற்றுக்குப் பழகிவிடும்.

நேரக் கணக்கு

இதை முதல் நாள் இரவே ஒரு தாளில் போட வேண்டும். மலையில் நின்று போடும் கணக்கு ஆசையின் பக்கமே சாயும்.

கரடுமுரடான பாதையில் மணிக்கு 3 கிலோமீட்டர். அதோடு ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 10 நிமிடம். மணிக்கு 10 நிமிடம் ஓய்வு. உதாரணத்துக்கு, ஒரு வழி 9 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 400 மீட்டர் என்று வையுங்கள் (உங்களுக்குக் கிடைத்த பாதையின் எண்களை இந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்). நடை 3 மணி, ஏற்றத்துக்கு 40 நிமிடம், ஓய்வு 35 நிமிடம். ஆக 4 மணி 15 நிமிடம். காலை 7-க்குக் கிளம்பினால் 11:15-க்கு ஏரி. முக்கால் மணி நேரம் சாப்பாடு, 12-க்குத் திரும்பல். மேடும் பள்ளமுமான நாடு என்பதால் திரும்பும்போதும் ஏற்றம் உண்டு. 4 மணி நேரம் வையுங்கள், மாலை 4-க்கு வண்டி. டிசம்பர் நடுவில் இங்கே சூரியன் மறைவது 6:05 வாக்கில். கையில் இரண்டு மணி நேரம் மிச்சம். இந்த இரண்டு மணி நேரம் சுளுக்கிய காலுக்கும் மூடுபனிக்கும் உரியது. ஃபோட்டோவுக்கு எடுத்துச் செலவழிக்காதீர்கள்.

இப்போது இரண்டு நேரங்களை வட்டமிடுங்கள். ஒன்று, திரும்பும் நேரம்: 12:30. ஏரி கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி, இன்னும் ஒரு மேடுதான் என்றாலும் சரி, 12:30 ஆனால் திரும்ப வேண்டும். இரண்டு, பாதிவழிச் சோதனை: 9:45. அதற்குள் பாதித் தூரத்தைத் தாண்டவில்லை என்றால் உங்கள் கூட்டம் 4¼ மணி நேரக் கூட்டம் இல்லை, 5½ மணி நேரக் கூட்டம். ஏரியைத் தொடும்போதே 12:30 ஆகிவிடும். உட்கார்ந்து சாப்பிடக்கூட நேரமில்லாமல் திரும்பினாலும், போகும்போது மெதுவாக நடந்தவர்கள் வரும்போது வேகமாக நடக்கப் போவதில்லை. இருட்டு விளிம்பில்தான் வந்து சேர்வீர்கள். ஆகவே திரும்புவதைப் பற்றிய பேச்சை அங்கேயே, 9:45-க்கே பேசி முடித்துவிட வேண்டும். எல்லோருக்கும் தெம்பு இருக்கும் நேரம் அது, சண்டை வராது. வனத்துறையோ வழிகாட்டியோ இதைவிட முன்நேரம் சொன்னால் அதுதான் நேரம்.

மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள், வழிகாட்டிக்கு அடுத்தபடியாக. அவர் வேகம்தான் கூட்டத்தின் வேகம். கடைசியில் விட்டால், முன்னால் போனவர்கள் நின்று ஓய்வெடுப்பார்கள், இவர் வந்து சேர்ந்ததும் அவர்கள் கிளம்பிவிடுவார்கள். அவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது.

பாதையில்

நிலம் மூன்று விதம்: புல்வெளி, சோலை, சதுப்பு. புல்வெளியில் வரையாட்டுத் தடமும் மனிதத் தடமும் ஒன்றுபோலவே இருக்கும். வரையாட்டுத் தடம் பத்து நிமிடத்தில் உங்களைப் பாறை விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தும். வழிகாட்டியை முந்தாதீர்கள். சோலை என்பது பள்ளத்தாக்கு மடிப்பில் குட்டை மரங்கள் அடர்ந்த காடு. உள்ளே வேர்கள் வழுக்கும், வேரின் மேல் மிதிக்காமல் தாண்டி வையுங்கள். ஓரத்தில் காஞ்சொறி இருக்கும், கையைத் தொங்கவிட்டு நடக்காதீர்கள். பட்டுவிட்டால் தேய்க்காமல், டேப்பை ஒட்டி உரித்தால் கண்ணுக்குத் தெரியாத முட்கள் கொஞ்சம் வந்துவிடும். ஆங்காங்கே வரிசையாக நிற்கும் சீகை (வாட்டில்) மரங்களும் கற்பூர (யூகலிப்டஸ்) மரங்களும் வெள்ளைக்காரர் காலம் தொட்டு நட்டவை. இந்த மண்ணுக்குச் சொந்தமில்லை.

சதுப்புதான் புதியவர்களைப் பிடிக்கும் இடம். இரண்டு மேட்டுக்கு நடுவே தட்டையாக, சுற்றியுள்ள புல்லைவிடத் துலக்கமான பச்சையாக, கால்பந்து மைதானம் மாதிரி ஓர் இடம் தெரியும். குறுக்கே போனால் ஐந்து நிமிடம் மிச்சம் என்று தோன்றும். போகாதீர்கள். கோலை ஊன்றிப் பாருங்கள்: முதல் ஒரு சாண் எதிர்ப்பே இல்லாமல் இறங்கும், பிறகு கறுப்புத் தண்ணீர் குமிழி விட்டுக்கொண்டு மேலே வரும். அடியில் ஆயிரக்கணக்கான வருடமாக மக்காமல் படிந்த தாவரக்கரி. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழமொழியை எழுத்துக்கு எழுத்து கேட்க வேண்டிய இடம். கடந்தே ஆக வேண்டுமென்றால், குடுமி மாதிரி முளைத்த புற்குத்துகளின் நடுவில் மட்டும் மிதியுங்கள், வழிகாட்டி வைத்த அதே அடியில்.

கால் உள்ளே போய்விட்டால் நேராக மேலே இழுக்காதீர்கள். சேறு உறிஞ்சிக்கொள்ளும், கால் வரும், ஷூ வராது. கோலைக் குறுக்கே படுக்கவைத்து அதில் எடையைப் போடுங்கள். முதலில் குதிகாலை இடவலமாக ஆட்டி, ஷூவைச் சுற்றித் தண்ணீர் புக வழி விடுங்கள். 'பொளக்' என்று சத்தம் வந்தால் பிடி விட்டுவிட்டது என்று அர்த்தம். அப்புறம் விரல்நுனியைக் கீழ்நோக்கி நீட்டிப் பின்பக்கமாக உருவுங்கள். வெளியே வந்ததும் சாக்ஸை மாற்றுங்கள். அந்தக் கூடுதல் ஜோடி இதற்குத்தான்.

அட்டை: குளிர்காலத்தில் குறைவு, சோலைக்குள்ளும் ஓடையோரத்திலும் இருக்கும். பேண்டைச் சாக்ஸுக்குள் செருகி, சாக்ஸின்மேல் மூக்குப்பொடியோ புகையிலைத் தூளோ நனைத்துத் தடவுங்கள். கடித்துவிட்டால் பிய்த்து எடுக்காதீர்கள். மெல்லிய முனைதான் வாய். அதை ஒட்டித் தோலோடு நகத்தைத் தள்ளினால் பிடி விடும். அப்புறம் தடித்த முனையையும் அப்படியே தள்ளிச் சுண்டிவிடுங்கள். உப்பும் நெருப்பும் பட்டால் குடித்ததைக் காயத்திலேயே கக்கும். ரத்தம் உறையாமல் ஒரு மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல் கசியும். பயப்பட ஒன்றுமில்லை, துணி வைத்து அழுத்திக் கட்டினால் போதும்.

விலங்குகள்

அடிக்கடி எதிர்ப்படுவது காட்டெருமை. ஊட்டித் தெருவில் சாதுவாக மேய்கிறதே என்று இங்கே பக்கத்தில் போகாதீர்கள். குறைந்தது 50 மீட்டர் தள்ளி நில்லுங்கள். தாய்க்கும் கன்றுக்கும் நடுவே ஒருபோதும் வராதீர்கள். தலையைத் தாழ்த்தி மூச்சைச் சீறினால் ஓடாமல், முதுகைக் காட்டாமல், பக்கவாட்டில் மெல்ல விலகி ஒரு மரத்தையோ பாறையையோ நடுவில் கொண்டுவாருங்கள். கரடி, புலி, செந்நாய் எல்லாம் இந்தக் காட்டில் உண்டு. கூட்டமாக இருந்தால் பெரும்பாலும் அவையே விலகிவிடும்.

பேசலாமா கூடாதா என்று கேட்பார்கள். சோலைக்குள் வளைவு திரும்பும்போது சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே போங்கள், திடீரென்று முட்டிக்கொள்வதுதான் ஆபத்து. திறந்த புல்வெளிக்கு வந்ததும் வாயை மூடிக்கொள்ளுங்கள். வரையாடு தெரிவது அங்கேதான். ஃபோட்டோவுக்காக நெருங்காதீர்கள். அது ஓடத் தொடங்கினாலே நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஏரிக்கரையில்

மின்சாரத்துக்காகத் தண்ணீரை இறக்கிக்கொண்டே இருப்பார்கள், ஆகவே கரை நிலையாக இல்லை. பிப்ரவரி வாக்கில் நீர்மட்டம் இறங்கி, செம்மண் கரை பாளம் பாளமாக வெடித்துத் தெரியும். மேலே காய்ந்து ஓடு மாதிரி இருக்கும், உள்ளே சேறு. தண்ணீரைத் தொட்டுப் பார்க்கவென்று இறங்கி இடுப்பளவு புதைந்துபோகலாம். புல் முளைத்த கரையோடு நின்றுகொள்ளுங்கள். குளிக்க இறங்க வேண்டாம். கரை சட்டென்று ஆழமாகும். இந்தக் குளிர்ந்த நீரில் விழுந்த கணமே மூச்சு இழுத்துக்கொள்ளும், நீச்சல் தெரிந்தவருக்கும்தான்.

உட்கார்ந்ததும் முதல் வேலை ஸ்வெட்டரைப் போடுவது, குளிரும் முன்பே. மலசலம் கழிக்கத் தண்ணீரிலிருந்து 60 மீட்டர் தள்ளி, ஒரு சாண் குழி தோண்டி மூடுங்கள், காகிதத்தைக் கவரில் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். சுற்றியுள்ள மலைகள் தோடர்களுக்கு மேய்ச்சல் நிலமும் கோயில் நிலமும். முக்குருத்திச் சிகரம் இறந்தவர்களின் ஆவி மறுவுலகுக்குப் போகும் வழி என்பது அவர்கள் நம்பிக்கை. அவர்கள் குடியிருப்புகளான மந்துகளுக்குள் கேட்காமல் நுழைவதோ, கோயிலை நெருங்கிப் படமெடுப்பதோ கூடாது.

மூடுபனியும் திரும்பலும்

மேற்கே கேரளத்துப் பக்கம் மலை செங்குத்தாக விழுகிறது. பகல் வெயிலில் அங்கிருந்து ஈரக்காற்று ஏறி, பிற்பகலில் விளிம்பைத் தாண்டி வழியும். பத்து நிமிடத்தில் முன்னால் போகிறவரின் பை மறைந்துவிடும். அப்போது செய்ய வேண்டியது நிற்பது. எண்ணிப் பாருங்கள், எல்லோரும் இருக்கிறார்களா. ஒருவர் பையை ஒருவர் பார்க்கும் தூரத்தில் வரிசையாகுங்கள். யாராவது பிரிந்துவிட்டால் அவர் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து, விசிலை மூன்று மூன்றாக ஊத வேண்டும்.

வழி தவறினால் ஓடையைப் பிடித்து இறங்கு, ஊர் வரும் என்று ஒரு பேச்சு உண்டு. சமவெளிக்கு அது சரியாக இருக்கலாம். இங்கே மேற்கே ஓடும் ஓடை நூற்றுக்கணக்கான மீட்டர் பாறையிலிருந்து குதிக்கும், கிழக்கே ஓடுவது சதுப்பில் முடியும். கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்புங்கள். ஃபோனைக் காலையிலிருந்தே ஏரோபிளேன் மோடில் வைத்து, சட்டைக்கு உள்பையில் வைத்திருந்தால் இந்நேரம் சார்ஜ் இருக்கும். குளிரில் பேட்டரி சீக்கிரம் சாகும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்தால் சிக்னல் இல்லாமலும் நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும். சிக்னல் ஒரு கோடு கிடைத்தாலும் அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108.

மழையில் நனைந்து காற்றும் அடித்தால், 10 டிகிரியிலேயே உடல் ஆபத்தான அளவுக்குக் குளிர்ந்துவிடும். நடுங்குவதோடு நிற்காது. நாக்குக் குழறும், சட்டைப் பொத்தானைப் போட விரல் ஒத்துழைக்காது, "எனக்கு ஒண்ணுமில்ல, நீங்க போங்க" என்று எரிந்துவிழுவார். அப்படிப் பேசுகிறவரைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். காற்று மறைவுக்குக் கொண்டுபோய், ஈரத்துணியை மாற்றி, விழுங்க முடிந்தால் கடலைமிட்டாயும் இனிப்பாக ஏதாவது குடிக்கவும் கொடுத்து, போர்த்தி உட்காரவையுங்கள். உடம்பு சூடேறித் தெளிந்த பிறகே நடக்கவையுங்கள். கால் பிசகினால் ஷூவைக் கழற்றாதீர்கள். வீங்கினால் மறுபடி உள்ளே போகாது. ஷூவுக்கு மேலேயே கிரேப் பேண்டேஜை எட்டு வடிவில் சுற்றி, அவர் பையை மற்றவர்கள் பங்கிட்டுக்கொண்டு, இரண்டு கோல் கொடுத்து நடத்திவாருங்கள்.

ஊர் திரும்பிய பிறகு

அன்றிரவே வெந்நீரில் குளித்து, முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதுமடலின் பின்புறம் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முள்வாங்கியால் தலையை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், திருகவோ எண்ணெய் ஊற்றவோ வேண்டாம். போட்ட துணிகளைத் தனியாகத் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். அடுத்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் கடுந்தலைவலியும் வந்து, உடம்பில் எங்காவது சிகரெட் சுட்டது மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு தெரிந்தால், "புல்காட்டில் நடந்துவிட்டு வந்தேன்" என்று டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அது கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலாக இருக்கலாம். சரியான மாத்திரை சீக்கிரம் தொடங்கினால் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிவிடும்.